அம்மா தெளித்த தண்ணீர்

ஊட்டிக்குப் பனி பார்க்க வருகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். விடிவதற்கு முன்பே காரில் வந்து இறங்கி, புல்லின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கும் உறைபனியைக் கையால் வழித்தெடுத்து, ஒருவர் மேல் ஒருவர் வீசி, காஷ்மீர் மாதிரியே இருக்கிறது என்று படம் எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொள்ளட்டும். அந்த வெள்ளை ஒரு தேயிலைச் செடியின் மேல் விழுந்து, அதன் மேல் காலை வெயிலும் விழுந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு யார் சொல்வது? இலை முழுக்கக் கருகிப்போய், யாரோ தீப்பந்தம் பிடித்து வாட்டியது போல நிற்கும். பனியில் செடி கருகும் என்றால் கோயமுத்தூரிலிருக்கும் என் மாமாகூட நம்பவில்லை. “பனிக்கு எப்பிடி அம்மிணி கருகும், அதென்ன நெருப்பா?” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அவரை ஒரு மார்கழி மாதம் எங்கள் வீட்டில் கட்டிப்போட்டிருக்க வேண்டும்.

எங்கள் வீடு கோத்தகிரிப் பக்கம் அரவேணுவுக்குக் கீழே, சாலையிலிருந்து இறங்கிப் போகும் ஒரு பள்ளத்தில் இருந்தது. குளிர்ந்த காற்றும் தண்ணீரைப் போலத்தான். மேட்டில் நிற்காது, இறங்கி வந்து பள்ளத்தில் தேங்கும். மேலே சாலையோரக் கடைக்காரர்கள் ஒரு சால்வையோடு சமாளித்துக்கொண்டிருப்பார்கள். கீழே எங்களுக்கோ, இருக்கிற துணியையெல்லாம் போர்த்திக்கொண்டாலும் பல் தந்தியடிக்கும். அப்பா அன்னூர்ப் பக்கத்திலிருந்து எஸ்டேட் ஆபீஸ் குமாஸ்தாவாக மலையேறியவர். பச்சைத் தேயிலைக்கு நல்ல விலை இருந்த காலத்தில் குமாஸ்தா வேலையை விட்டுவிட்டு அந்தப் பள்ளத்தையும் அதை ஒட்டிய சரிவையும் வாங்கினார். மற்ற இடங்களைவிட மலிவாகக் கிடைத்தது என்று பெருமைப்பட்டார். ஏன் மலிவு என்பது முதல் குளிர்காலத்தில் தெரிந்துவிட்டது.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். அப்பா, அம்மா, நான், அப்பாவின் அக்கா. அத்தை கல்யாணமான கொஞ்ச நாளிலேயே கணவனை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் எங்களோடுதான் இருந்தாள். அவளும் நானும் ஒரே கட்டிலில், ஒரே பஞ்சு ரசாய்க்குள் படுப்போம். எங்கள் இருவருக்கும் நடுவில் தோசை மாவுப் பானையும் படுக்கும். இதைச் சொன்னால் சமவெளியில் சிரிக்கிறார்கள். அந்தக் குளிரில் மாவு எப்படிப் புளிக்கும்? மனிதச் சூடு பட்டால்தான் பொங்கும். பானைக்கு ஒரு பழைய ஸ்வெட்டரைப் போட்டு, வாயைத் துணியால் கட்டி, கைக்குழந்தையைப் போல எங்களுக்கு நடுவில் வைத்துவிட்டுப் போவாள் அம்மா. நான் தூக்கத்தில் காலைப் போட்டால் அத்தை “மாவு, மாவு” என்று அலறுவாள்.

குளிர்காலத்தில் எங்களுக்கு இரண்டு வேலை. மாலையில் மலைச்சரிவில் வளரும் பெரணித் தழையை அறுத்து வந்து, இளம் தேயிலைச் செடிகளுக்கு மேல் முக்காடு போட்டது போலப் பரப்ப வேண்டும். காலையில் உருளைக்கிழங்குச் செடியின் மேல் படிந்த பனியை, வெயில் வந்து தொடுவதற்கு முன்னால் தண்ணீர் தெளித்துக் கழுவிவிட வேண்டும். குழாயில் தண்ணீர் உறைந்திருக்கும். ஆனால் பள்ளத்தின் அடியிலிருந்த ஊற்றில் மட்டும் தண்ணீர் வெதுவெதுப்பாக ஆவி பறந்துகொண்டிருக்கும். அப்பா கம்பூட்ஸும் மங்கி கேப்பும் போட்டுக்கொண்டு மொண்டு கொடுக்க, அம்மாவும் அத்தையும் நானும் பூவாளியில் வாங்கிக்கொண்டு பாத்தி பாத்தியாக ஓடுவோம். எதிர்ச்சரிவில் வெயில் ஒரு கோடாக இறங்கி வந்துகொண்டிருக்கும். “வந்துருச்சு, வந்துருச்சு, சீக்கிரம்!” என்று அப்பா கத்துவார், ஏதோ படை வருகிறது போல. அந்தக் கோடு எங்கள் பாத்திக்கு வருவதற்குள் கடைசிச் செடி நனைந்துவிட்டால் நாங்கள் ஜெயித்தோம். அப்பா தொப்பியைக் கழற்றி வெயிலைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார். எனக்கு விரல் மரத்துப் போயிருக்கும், மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும், அப்படியும் அந்த நேரம் எனக்குப் பிடிக்கும்.

அம்மாவுக்குப் பிடித்ததா என்று கேட்கவே வேண்டியதில்லை. அவள் கோபிப் பக்கத்துப் பெண். வாய்க்கால் தண்ணீரும் வயல் வெயிலுமாக வளர்ந்தவள். காலையில் எழுந்ததும் சாமியைக் கும்பிடுவதற்கு முன் பனியைத் திட்டுவாள். தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டியபடி திட்டுவாள். கொடியில் விறைத்துப்போய் ஆள் நிற்பது போலத் தொங்கும் அப்பாவின் பேன்ட்டை உதறியபடி திட்டுவாள். “இது பனியா பெய்யுது, சனியனில்ல பெய்யுது. எங்கப்பன் ஊட்டு எருமைகூட இப்பிடி நடுங்குனதில்ல. என்ன பாவம் பண்ணுனனோ, இந்தக் குழிக்குள்ள கொண்டாந்து போட்டாங்க.” தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் அம்மாவின் வாய் இரண்டையும் துளைத்தது. எனக்கும் அதே வாய்தான் வந்திருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார்.

அம்மா புதுப்பெண்ணாக வந்த முதல் மார்கழியில் நடந்ததை அத்தை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். மார்கழியில் விடிவதற்கு முன்னால் வாசல் தெளித்துக் கோலம் போடுவதுதானே வழக்கம்? அம்மாவும் கோபியில் செய்வது போலவே வாளி நிறையத் தண்ணீர் எடுத்து, அப்பா ஆசையாகச் சிமெண்டு பூசி வைத்திருந்த வாசலில் தாராளமாகத் தெளித்துவிட்டு, கோலம் போட்டு நடுவில் பூவும் வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறாள். பக்கத்து ஹட்டியிலிருந்து, படகர்களின் ஊரை அப்படித்தான் சொல்வார்கள், பால் கொண்டுவரும் பெரியவர் வாசலில் காலை வைத்தார். அடுத்த கணம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். பால் கேன் மட்டும் சிந்தாமல் மடியிலிருந்ததாம். எழுந்து நின்று, கோபமே இல்லாமல், “அம்மா, பனிக் காலத்துல இங்கே தண்ணி ஊத்தக் கூடாது. ஊத்தினா கண்ணாடி ஆயிடும்” என்று சொல்லிவிட்டுப் பாலை அளந்து ஊற்றிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து பனிக்காலத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கு வெயில் வந்த பிறகுதான் தண்ணீர். விடியற்காலையில் வெறுமனே பெருக்கி மட்டும் விடுவாள். அம்மாவுக்கு அது பெரிய குறை. வாசல் காய்ந்து கிடந்தால் அது சாவு விழுந்த வீடு என்று அர்த்தம். ஊரிலிருந்து சொந்தக்காரர் யாராவது ஒறம்பறையாக வந்து தங்கினால் அவள் அவர்கள் எழுவதற்கு முன்னால் எழுந்து வாசலில் காவல் நின்று, “இங்கெல்லாம் பொழுது வந்துதான் தெளிக்கோணுமுங்க, இல்லீன்னா வழுக்கி உட்ருமுங்க” என்று கேட்காமலேயே விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

பிறகுதான் பச்சைத் தேயிலையின் விலை விழுந்தது. முதலில் கொஞ்சம் விழுந்தது, ஏறிவிடும் என்றார்கள். பிறகு நன்றாக விழுந்தது. அப்புறம் ஃபேக்டரிக்காரர்களே இன்றைக்கு இலை வேண்டாம், நாளைக்கும் வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பறித்த இலை சாக்கில் சூடேறிக் கெட்டுப்போனது. பறிக்காமல் விட்ட செடிகள் நெஞ்சுயரம், தலையுயரம் என்று வளர்ந்து மரமாகத் தொடங்கின. எதிர்ச்சரிவிலிருந்த குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போனது. அவர்களைப் பார்த்து அடுத்த வீடு. என் வகுப்பில் பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் நாங்கள், ஆளுக்கொரு மூலையில் தாராளமாக உட்கார ஆரம்பித்தோம். அப்பா தேயிலையின் ஒரு பகுதியைப் பிடுங்கிவிட்டுக் கிழங்கு போட்டதெல்லாம் அந்தச் சமயத்தில்தான். கிழங்கு சோறு போட்டதே தவிர, அதை வைத்து நிமிர முடியவில்லை.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அப்பாவின் பங்காளி ஒருவர் இருந்தார். ஸ்டோர் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும், தை பிறந்ததும் வந்துவிடு என்று சொல்லி அனுப்பினார். அப்பா முதலில் போவது, கோடை லீவில் நாங்கள் போவது, தோட்டத்தை யாரிடமாவது விட்டுவிடுவது என்று முடிவானது. அத்தையிடம் அப்பா சொன்னதை நான் அடுப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

“தோட்டத்துக்காகன்னா இன்னும் ரெண்டு வருசம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துருவன்க்கா. அவளுக்கு இந்தக் குளுரு ஆகல. வந்த நாள்லருந்து இந்த ஊரப் பத்தி அவ வாயில ஒரு நல்ல வார்த்த வந்ததில்ல. கீழ போனா அவளாச்சும் சந்தோசமா இருப்பா.”

அம்மாவிடம் அதைச் சொன்னபோது அவள், “செரீங்க” என்றாள். அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து அவள் பனியைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். எண்ணெய் பாட்டிலை ஓசைப்படாமல் அடுப்போரம் வைத்தாள். விறைத்த துணியைத் தடவி மடித்தாள். பூவாளியோடு பாத்தியில் ஓடும்போதும் வாயைத் திறக்கவில்லை. அப்பா அதைப் பார்த்துவிட்டு, கீழே போகப் போகிற சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார். ஆண்களுக்குச் செடியில் வரும் நோய் எல்லாம் தெரியும், வீட்டுக்குள் இருப்பவள் ஏன் பேசாமல் இருக்கிறாள் என்பது மட்டும் தெரியாது.

அவரும் சும்மா இல்லை. செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டித் தீட்டி வைத்தார். பூச்சி விழுந்திருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் செடி செடியாகத் தொட்டுக்கொண்டு திரிந்தார். மேல் வரிசையில் நின்று கீழ் வரிசையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். என்னப்பா என்றால், “ஒண்ணுமில்ல கண்ணு, எறும்பு” என்பார். எனக்குப் போக இஷ்டமில்லை. என்னை யாரும் கேட்கவுமில்லை. நான் அத்தையின் மேல் காலைப் போட்டுக்கொண்டு அழுதேன். அவள் மாவுப் பானையை அப்பால் நகர்த்திவிட்டு என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

பொங்கல் முடிந்து நல்ல நாள் பார்த்தார்கள். முதல் பஸ்ஸைப் பிடித்து மேட்டுப்பாளையம் போய், அங்கிருந்து திருப்பூர். அன்றைக்குப் பனி கொட்டித் தீர்த்திருந்தது. நான் எழுந்து வந்தபோது அப்பா குளித்துவிட்டுத் திருநீறு பூசி, கம்பெனி வேலைக்கென்று வாங்கிய புது ஷூவைப் போட்டுக்கொண்டிருந்தார். அதன் அடி தட்டு போல வழவழவென்று இருந்தது. அம்மா அவருக்கு முன்பே எழுந்து, தலைக்குக் குளித்து, சாமிக்கு விளக்கேற்றி, இட்லி கட்டி வைத்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. அடுப்புப் புகை என்றாள்.

அத்தை அடுப்படியை விட்டு வரவில்லை. யார் எங்கே கிளம்பினாலும் அவள் அப்படித்தான், உள்ளே போய்விடுவாள். தாலி இல்லாதவள் எதிரே வந்தால் போகிற காரியம் விளங்காது என்று ஊரில் யாரோ ஒரு காலத்தில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு தன்னைத் தானே ஒளித்துக்கொள்வாள். நான் பள்ளிக்கூடம் போகும்போதுகூடப் பரீட்சை நாளென்றால் கதவுக்குப் பின்னாலிருந்துதான் டாட்டா. அப்பாவுக்கு அது எப்போதும் பிடிக்காது. அன்றைக்கு வாசற்படியில் பெட்டியோடு நின்றுகொண்டு கூப்பிட்டார்.

“அக்கா, முன்னால வா. உன்ற மொகத்தப் பாத்துட்டுத்தான் போவேன்.”

“வேண்டாஞ்சாமி, நீ நல்லபடியாப் போயிட்டு வா. நான் இங்கிருந்தே கும்புட்டுக்கறன்.”

“நீ வர்ற வரைக்கும் நான் போவ மாட்டன். பஸ்ஸு போனாப் போவுட்டும்.”

அவள் வேறு வழியில்லாமல் வந்தாள். பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்து வாசலுக்கு அந்தப் பக்கம் அவருக்கு எதிரே நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். அப்பா சிரித்துக்கொண்டே படியிலிருந்து இறங்கிக் காலை வைத்தார்.

வாசல் கண்ணாடியாகியிருந்தது. அவர் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா தண்ணீர் தெளித்துப் பெரிய கோலமாகப் போட்டிருந்தாள். இருட்டில் கோலத்தின் வெள்ளையும் பனியின் வெள்ளையும் ஒன்றாகக் கிடந்தன. எங்கள் யாருக்கும் தெரியவில்லை. புது ஷூ முன்னால் போனது, அப்பா பின்னால் போனார், பெட்டி தனியாக அத்தையின் காலடிவரை வழுக்கிக்கொண்டு போய் நின்றது. பட்டென்று ஒரு சத்தம். சுள்ளி ஒடிவது போல. கணுக்கால்.

அதற்கப்புறம் ஒரே கூச்சல். மேலே கடைக்காரரின் ஜீப்பைக் கொண்டுவந்து, அவரைப் போர்வையில் தூக்கி, கோத்தகிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மாவுக்கட்டுப் போட்டுக் கூட்டி வந்தார்கள். முழங்கால்வரை வெள்ளையாக ஒரு காலை நீட்டிக்கொண்டு அப்பா ஜீப்பிலிருந்து இறங்கியபோது எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. திருப்பூருக்குத் தகவல் போனது. சில நாளில் அங்கே வேறு ஆள் போட்டுவிட்டார்கள் என்று பதிலும் வந்தது.

பார்க்க வந்தவர்கள் ரொட்டியும் ஆரஞ்சுமாக வந்தார்கள். எல்லோரும் தவறாமல் “யானைக்கும் அடி சறுக்கும்” என்றார்கள். அதைக் கேட்டுக் கேட்டு அப்பா, யாராவது வாயைத் திறந்ததும், “ஆமாங்க, ஆனைக்கும்” என்று தானே முடித்துவைத்தார். ஆனால் சிலருக்கு அது போதவில்லை. கீழே ஊரிலிருந்து வந்த ஒரு பெரியம்மா குரலைத் தாழ்த்தி, “போறப்ப யாரு எதிர வந்தாங்க?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு அடுப்படிப் பக்கம் பார்த்தாள். பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும் என்று ஒரு பெருமூச்சு வேறு.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது. அப்பா விழுந்த நாளிலிருந்தே அத்தை சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா இருக்கும் அறைக்கு வரவில்லை. கஞ்சியைக்கூட என்னிடம் கொடுத்து அனுப்பினாள். கேட்டால் தலைவலி என்றாள்.

அம்மா எழுந்து நின்றாள். அவளுக்கு வழக்கமான வாய் திரும்பியிருந்தது.

“எதிர யாரும் வல்லீங்க. நாந்தான் தண்ணி ஊத்துனன். வாளியோட எடுத்து ஊத்துனன். அது பனிக்கட்டியாச்சு, அதுல வழுக்கி உழுந்தாங்க. சகுனமும் இல்ல, கிகுனமும் இல்ல. கேக்கறவங்க எல்லார்த்துக்கும் இதையே சொல்லுங்க. அவரு பொண்டாட்டிதான் கால ஒடிச்சான்னு சொல்லுங்க.”

பெரியம்மா ரொட்டியை வைத்துவிட்டுச் சீக்கிரமே கிளம்பினாள். அதன் பிறகு யார் வந்தாலும் அம்மா காப்பிக்கு முன்னால் இதைத்தான் கொடுத்தாள். “வாங்க, உக்காருங்க. நான் தண்ணி ஊத்துனன், அவுங்க உழுந்தாங்க.” கோத்தகிரி முழுக்க, புருஷன் காலை ஒடித்தவள் என்று அவளுக்குப் பெயர் வந்துவிட்டது. சிலர் அவள் வேண்டுமென்றே செய்தாள் என்றும் பேசினார்கள். இத்தனை வருஷம் பனியில் குப்பை கொட்டியவளுக்கு அன்றைக்கு மட்டும் எப்படி மறந்தது என்று கேட்டார்கள். எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் அத்தைக்கு மட்டும் அம்மாவின் வாக்குமூலம் உறைக்கவேயில்லை. அவள் தன்னால்தான் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டாள்.

பனி எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. கிழங்கு தோண்ட இன்னும் நாள் இருந்தது. அப்பாவை நாற்காலியோடு தூக்கி வாசலில் வைத்தோம். மாவுக்கட்டுக் காலுக்கு ஒரு சாக்கு, தலைக்கு மங்கி கேப், மேலே இரண்டு கம்பளி. அங்கிருந்து அவர் எதிர்ச்சரிவைப் பார்த்துக் கத்துவார். “வந்துருச்சு! பாறைக்கிட்ட வந்துருச்சு! அந்தக் கடைசிப் பாத்தி, அம்மிணி!” இப்போது ஊற்றில் மொண்டு கொடுப்பது அம்மா. அவருடைய கம்பூட்ஸ் அவளுக்குப் பெரிது. உள்ளே துணியைத் திணித்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தொப்தொப்பென்று அவள் ஓடுவதைப் பார்த்தால் அப்பாவுக்குச் சிரிப்பு தாங்காது. அம்மா நின்று அவரையும் திட்டுவாள், பனியையும் திட்டுவாள். எங்கப்பன் ஊட்டு எருமையும் திரும்பி வந்துவிட்டது. எனக்கு அப்பாடா என்று இருந்தது.

ஃபேக்டரி இலை எடுக்கிற நாட்களில் அம்மாவும் அத்தையும் பறித்தார்கள். ஆளுயரம் வளர்ந்த வரிசைகளை, அப்பா வாசலிலிருந்து சொல்லச் சொல்ல, அம்மாவே கவ்வாத்துச் செய்தாள். முதல் செடியைக் கன்னாபின்னாவென்று வெட்டிவிட்டுப் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தாள். “பரவால்ல, முடி வெட்டுன மாதிரிதான், மொளச்சுரும்” என்றார் அப்பா. சாயங்காலம் கையில் கொப்புளத்தோடு வந்து உட்கார்ந்து, “அந்த மேக்கால வரிச நல்லா வந்துருக்குதுங்க” என்று அவள் சொன்னபோது அப்பா அவள் கையைத் திருப்பிக் கொப்புளத்தைப் பார்த்தார்.

மாவுக்கட்டைப் பிரித்து அழைத்து வந்த நாளில்தான் திருப்பூரிலிருந்து மறுபடியும் போன் வந்தது. மேலே கடைக்குத்தான் போன் வரும். கடைக்காரர் கூப்பிட, நான் ஓடிப்போய்க் கேட்டுக்கொண்டு வந்தேன். வேலைக்குச் சேர்ந்த ஆள் நின்றுவிட்டானாம். இடம் இருக்கிறது, வருகிறாயா இல்லையா, சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும். நான் வாசலுக்கு வந்து அப்படியே ஒப்பித்தேன்.

அப்பா வெயிலில் உட்கார்ந்து, மெலிந்து வெளுத்துப் போயிருந்த காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அம்மா எதிரே தரையில் விதைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டு அவள் கை நின்றது. பிறகு மறுபடியும் பொறுக்க ஆரம்பித்தது. அப்பா எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

“நெசமாச் சொல்லு புள்ள. அன்னிக்கு நீ தெரிஞ்சுதான் ஊத்துனயா?”

“சாமி சத்தியமா இல்லீங்க.” அம்மா நிமிரவில்லை. “நீங்க ஊர உட்டுப் போறன்னிக்கு வாசல் காஞ்சு கெடந்தா நல்லாருக்காதுன்னுதான் ஊத்துனன். அழுதுக்கிட்டே ஊத்துனன். பனி நெனப்பே வல்லீங்க.”

“செரி, உடு. ஊருக்குள்ள பேசறாங்கன்னு கேட்டன்.”

“ஆனா…” என்றாள் அம்மா. கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தாள். “நீங்க உழுந்தீங்க பாருங்க. ஐயோன்னு கத்தறதுக்கு முந்தி, எனக்கு அப்பாடான்னு இருந்துச்சுங்க. இன்னிக்குப் போவ மாட்டாங்கன்னு. அதுக்கப்பறந்தான் ஓடியாந்தன். கட்டுன புருசன் கால் ஒடிஞ்சு கெடக்கறாரு, எனக்கு மொதல்ல சந்தோசம் வந்துச்சு. நானெல்லாம் மனுசியாங்க?”

அவள் அழுத அழுகையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்பா எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“உழுந்த எனக்கே அப்பிடித்தான் புள்ள இருந்துச்சு” என்றார். “ஒடிஞ்ச சத்தம் கேட்டுச்சு. செரி, இனிப் போவ வேண்டாம்னு நெனச்சன். வலி அதுக்கப்பறந்தான் வந்துச்சு.”

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். அழுகை போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது.

“அப்பறம் எதுக்குங்க போறன்னீங்க?”

“நீதான தெனமும் இந்தப் பனியத் திட்டிக்கிட்டு இருந்த?”

“திட்டுனன். எங்கூட்டுப் பனி, நான் திட்டுவன். உங்களையுந்தான் தெனமும் திட்டறன். அதுக்காக உட்டுப்போட்டா போயிட்டன்?”

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. அத்தை இத்தனையும் கேட்டுக்கொண்டு அங்கேயே நின்றிருக்கிறாள்.

“அப்ப உழுந்தவனுக்கும் சந்தோசம், பாத்தவளுக்கும் சந்தோசம்” என்று உள்ளேயிருந்தே சொன்னாள். “என்னாலதான் உழுந்தான், என்ற மொகத்தப் பாத்துட்டுத்தான் உழுந்தான்னு, சோறு எறங்காம கெடந்தவ நான் ஒருத்திதானா?”

அம்மா சட்டென்று எழுந்தாள். “நங்கையா, நாந்தான் தண்ணி…” என்று வழக்கமான பாட்டை ஆரம்பித்தாள். நங்கையா என்றுதான் அத்தையை அவள் கூப்பிடுவாள். அப்பா கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

“அவ ஊத்துன தண்ணி ஒருபக்கம் இருக்கட்டும். உன்ற மொகத்தப் பாத்துட்டுத்தான்க்கா நான் உழுந்தன்” என்றார். “உன்ற மொகத்தப் பாத்ததுனாலதான் இந்தப் பள்ளத்துல இன்னும் இருக்கறன். இதவிட நல்ல சகுனம் எவனுக்கு வாச்சுது? நான் எங்கயும் போவல. அம்மிணி, நீ மேல ஓடி, வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிப்போட்டு வா.”

நான் உடனே ஓடவில்லை. அத்தை என்ன செய்கிறாள் என்று பார்க்க வேண்டியிருந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கதவைத் தாண்டி வாசலுக்கு வந்து, எங்கள் எல்லோருக்கும் முன்னால், அப்பாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.